ராஜ்மகால் மலைக்குப் புதிதாக ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு

கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில் எழுந்து நின்று அர்ப்பணிக்கிற பிள்ளைகளில் சிலர், ஒரு வாரம் கழித்து யாரிடமாவது என் நம்பரை வாங்கிப் போன் பண்ணுவார்கள். "அண்ணே, வடக்கே மலைக் கிராமத்துக்கு ஊழியத்துக்குப் போகணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன், பேசி முடித்ததும் ஏதாவது முக்கியமான ஒன்றை விட்டிருப்பேன். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நானும் என் மனைவியும் இருந்தது ஜார்கண்ட் மாநிலத்தில், சாகிப்கஞ்ச், பாகூர் பக்கம், ராஜ்மகால் மலையின் உச்சி ஊர்களில். அங்கே இருப்பவர்கள் மால்தோ பேசும் பஹாடியா மக்கள். அடிவாரத்தில் சந்தால் மக்கள், மேலே இவர்கள். நீங்கள் ஒடிசாவுக்கோ குஜராத்துக்கோ போவதாக இருந்தால் ஊர்ப் பெயரும் நோயின் பெயரும் மாறும், மற்றது பெரும்பாலும் இதேதான்.

தனியாகக் கிளம்பாதீர்கள்

முதல் வேலை ஒரு மிஷனெரி சங்கத்தில் சேர்வது. "ஆண்டவர் என்னோடுதான் பேசினார், சங்கம் எதற்கு" என்று கேட்கிறவர்கள் உண்டு. பேசியிருப்பார், நான் மறுக்கவில்லை. ஆனால் மலையில் உங்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தால் கீழே இறக்குவதற்கு ஆள் வேண்டும், காவல் நிலையத்தில் உட்கார வைத்தால் வந்து பேச ஒருவர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் தவறு செய்யும்போது "தம்பி, இது சரியில்லை" என்று சொல்லும் மூத்தவர் ஒருவர் வேண்டும்.

நம் பக்கத்துக்கு இதில் நல்ல பாரம்பரியம் இருக்கிறது. 1903இல் பாளையங்கோட்டையில் வி. எஸ். அசரியாவும் மற்றவர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, பணமும் ஆளும் நம் ஊர்களிலிருந்தே வர வேண்டும் என்பதுதான் அடிப்படை. அந்தச் சங்கம் முதலில் போன இடம் தெலுங்கு பேசும் தோர்ணக்கல். பிற்பாடு நண்பர் சுவிசேஷ ஜெபக் குழு வந்தது, மால்தோ மக்கள் நடுவில் நீண்ட காலம் உழைத்த தமிழர்களில் பெரும்பாலோர் அதன் வழியாகப் போனவர்கள். சமைக்க உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து ஊழியத்துக்குக் கொடுத்த பாட்டிமார் பணத்தில்தான் இதெல்லாம் நடந்தது. உங்கள் சம்பளமும் அப்படித்தான் வரும், குறைவாகத்தான் வரும்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் பாசத்தில் "ஊழியத்துக்கு வைத்துக்கொள்" என்று நன்கொடையை உங்கள் சொந்தக் கணக்கில் போட விடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைக்கு 2010ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, பதிவு பெற்ற அமைப்பு அதற்கென்று உள்ள கணக்கில் மட்டும்தான் வாங்க முடியும்.

கிளம்பும் முன் ஆறு மாதம்

இந்தி எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள், தாசில் ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் அது இல்லாமல் ஒரு தாளும் நகராது. முதலுதவிப் பயிற்சி எடுங்கள். பல் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள், சின்ன விஷயம் மாதிரி தெரியும், மலையில் நடு இரவில் பல்வலி வந்தால் தெரியும்.

வீட்டில் பேசுங்கள், குறிப்பாகக் கல்யாணம் ஆனவர்கள். பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்ற கேள்வியைப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். மிஷனெரிப் பிள்ளைகள் பலர் ஐந்தாறு வயதிலேயே தமிழ்நாட்டு விடுதிக்கு வந்துவிடுகிறார்கள். அம்மாவை வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ பார்த்து வளர்ந்தவர்கள் இன்று பெரியவர்களாகி அதைப் பற்றிப் பேசும்போது கேட்க மனம் கனக்கிறது. கணவனும் மனைவியும் இதில் ஒத்த முடிவுக்கு வரவில்லை என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள், பரவாயில்லை.

சட்டத்தைப் படியுங்கள்

அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம் இருக்கிறது. ஒடிசாவில் 1967 முதல், மத்தியப் பிரதேசத்தில் 1968 முதல், குஜராத்தில் 2003 முதல் என்று போகும். ஜார்கண்டில் 2017ஆம் வருடச் சட்டம்: வற்புறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் 3 வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் பெண்ணோ சிறுவரோ பழங்குடியோ பட்டியல் சாதியினரோ என்றால் 4 வருடம், 1 லட்சம் வரை. மதமாற்றச் சடங்கு நடத்துகிறவர் மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

இந்தச் சட்டங்கள் நியாயமா என்ற விவாதம் இருக்கிறது, எனக்கும் கருத்து உண்டு. ஆனால் புதிதாகப் போகிறவர் அந்த விவாதத்தை மலையில் நடத்த முடியாது. அனுமதி கேட்காமல் ஓடையில் இறக்கி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு நீங்கள் ரயிலேறி வந்துவிடலாம், விசாரணைக்கு நடையாய் நடக்கப்போவது அந்த ஊர்க்காரர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். நாங்கள் இருந்த மாவட்டங்கள் அடங்கிய சந்தால் பர்கானா பகுதியில் 1949ஆம் வருடக் குத்தகைச் சட்டம் இருக்கிறது, வெளியாள் நிலம் வாங்க முடியாது. யாராவது "ஐயா, ஆலயம் கட்ட என் இடத்தை எழுதித் தருகிறேன்" என்று அன்பாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். அப்புறம், சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் கிறிஸ்தவர் ஆனால் பழங்குடி அந்தஸ்து அதனால் போவதில்லை. தலித் மக்கள் விஷயம் வேறு, 1950ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறினால் பட்டியல் சாதி அந்தஸ்து போய்விடும். நீங்கள் தலித் குடியிருப்பில் ஊழியம் செய்கிறவர் என்றால் இதை முதலிலேயே, புரியும்படி, நீங்களே சொல்ல வேண்டும். மகனுக்குக் கல்லூரி இடம் கிடைக்காத அன்றைக்குத்தான் தகப்பனுக்கு இது தெரியவருகிறது என்றால் நாம் அவரை ஏமாற்றியதாகத்தான் அர்த்தம்.

முதல் வாரம்

சென்னையிலிருந்து கோரமண்டல் ரயிலில் கொல்கத்தா, ஹவுராவிலிருந்து வேறு ரயிலில் பர்ஹர்வா அல்லது சாகிப்கஞ்ச், பிறகு ஜீப், பிறகு நடை. பையைச் சின்னதாக வையுங்கள். மருந்து தோய்த்த கொசுவலை, டார்ச், நல்ல செருப்பு, குளிருக்குப் போர்வை போதும், மற்றதெல்லாம் சந்தையில் கிடைக்கும்.

ஊருக்குள் நுழைந்ததும் ஊர்த் தலைவரைப் பாருங்கள். நீங்கள் யார், யார் அனுப்பினார்கள், கிறிஸ்தவர் என்பது உட்பட எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். "சும்மா சமூக சேவைக்கு வந்தோம்" என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்துப் பைபிளை எடுப்பது பொய். அவர்கள் இருக்கச் சொன்னால் இருங்கள், வேண்டாம் என்றால் வணங்கிவிட்டு இறங்கிவிடுங்கள். சாப்பிடக் கொடுத்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள், மக்காச்சோளக் கஞ்சியாகத்தான் இருக்கும். இலுப்பைப்பூச் சாராயம் நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு, பழக்கமில்லை என்று சொல்லுங்கள், போதும். குடிப்பது பாவம் என்ற பிரசங்கத்தை முதல் வாரத்திலேயே ஆரம்பிக்க வேண்டாம்.

ஊற்று மலைக்குக் கீழே இருக்கும், பெண்கள் தலையில் குடம் வைத்து ஏறுவார்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரை நீங்களே சுமந்து வாருங்கள். ஆண்கள்தான் முக்கியமாக. ஒரு மாதம் அப்படி ஏறி இறங்கினால் ஊரில் பாதிப் பேரைத் தெரிந்துவிடும்.

மொழிக்கு ஒரு வருடம்

இந்தி வைத்து சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சந்தையில் வட்டிக்காரரோடும் சர்க்கார் ஆளோடும் பேசுவது இந்தியில், அந்த மொழியில் அவர்கள் தலை குனிந்துதான் பேசிப் பழகியிருக்கிறார்கள். குழந்தையைக் கொஞ்சுவதும் செத்தவரை நினைத்து அழுவதும் மால்தோவில்.

நமக்கு ஒரு பெரிய வசதி, மால்தோ திராவிட மொழி. கங்கைக் கரையோரம், சுற்றிலும் வங்காளியும் சந்தாலியும் இந்தியும் இருக்க, நடுவில் நம் உறவு மொழி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. "நான்" என்பதற்கு அவர்கள் சொல்வது "ஏன்", "நீ" என்பதற்கு "நீன்". முதல் நாள் ஒரு பாட்டி என்னிடம் "ஏன்" என்று ஆரம்பித்தபோது ஏதோ கேள்வி கேட்கிறார் என்று நினைத்து நான் பதில் சொல்லப் பார்த்தேன், அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு "கனு". ஆனால் அந்தக் ககரம் நம்முடையது அல்ல, தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும், எனக்கு அது வருவதற்கே நாலு மாதம் ஆனது. எர்னஸ்ட் டிரோசே என்ற ஜெர்மானிய மிஷனெரி இந்த மக்களோடு வாழ்ந்து எழுதிய மால்தோ இலக்கண நூல் 1884இல் ஆக்ராவில் அச்சானது. பழசுதான், ஆனாலும் தேடிப் படியுங்கள்.

படிக்கும் முறை சுலபம். ஒரு பாக்கெட் நோட்டு, நாளுக்குப் பத்துச் சொல், சிறுவர்களிடம் கேட்பது. சிறுவர்கள் தப்பைத் திருத்த வெட்கப்பட மாட்டார்கள். வயலுக்குப் போனால் வயல் சொல், சந்தைக்குப் போனால் சந்தைச் சொல். ஒரே வாக்கியத்தை இருபது வீட்டில் சொல்லிப் பாருங்கள். முதல் வருடம் முழுக்க மொழியும் உடம்பு உழைப்பும்தான் உங்கள் ஊழியம், மாத அறிக்கையில் எழுத வேறு ஒன்றும் இல்லையே என்று மேலிடத்துக்குப் பயப்பட வேண்டாம். சங்கத்தில் உள்ள மூத்தவர்களுக்கு இது தெரியும்.

ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் இங்கே வந்து தமிழ் கற்றபோது நம் முன்னோர் யாராவது ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கு லகரமும் ளகரமும் ழகரமும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் இல்லையா. அந்தத் திண்ணையில் இப்போது மாணவராக உட்காரும் முறை நமக்கு.

காய்ச்சல்

மலையில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இதைத்தான். மூன்று நோய்களை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலேரியா. மழைக்காலத்திலும் அது முடியும் மாதங்களிலும் அதிகம். காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. மற்ற மாநிலங்களில் ஆஷா என்று சொல்லும் கிராமச் சுகாதாரப் பணியாளரை ஜார்கண்டில் "சஹியா" என்பார்கள், அவரிடம் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் பரிசோதனை அட்டையும் மாத்திரையும் இருக்க வேண்டும், இலவசம். தீர்ந்துபோய்விட்டது என்றால் ஆரம்ப சுகாதார நிலையம் வரை போய் வாங்கி வர அவருக்குத் துணையாக நடங்கள். காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டால் முழிக்கவில்லை என்றாலோ மூளை மலேரியாவாக இருக்கலாம், மணிக்கணக்குதான் அவகாசம். கயிற்றுக் கட்டிலில் மூங்கில் கட்டி டோலியாகத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான், ஆம்புலன்ஸ் மேலே ஏறாது. எந்த வழி, யார் யார் தூக்குவார்கள், அடிவாரத்தில் யாருடைய வண்டி என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காலா அசார். தமிழ்நாட்டில் நாம் கேள்விப்படாத நோய், ஜார்கண்டில் சாகிப்கஞ்ச், பாகூர், தும்கா, கோடா என்ற இந்த நான்கு மாவட்டங்களில்தான் பிரதானம். மணல் ஈ கடித்து வருவது. அந்த ஈ மண்சுவர் விரிசலிலும் மாட்டுத் தொழுவத்திலும் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், உடம்பு மெலிவது, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி வயிறு முன்னால் தள்ளுவது. இப்படி யாரையாவது பார்த்தால் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், சிகிச்சை இலவசம், செய்யாவிட்டால் பெரும்பாலும் சாவுதான். வீட்டுச் சுவருக்கு மருந்து அடிக்க அரசு ஆட்கள் வரும்போது ஜனங்கள் கதவைச் சாத்துவார்கள், முதலில் உங்கள் வீட்டில் அடிக்கச் சொல்லுங்கள்.

காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. சாப்பாட்டுக்கென்று அரசு தரும் மாத உதவி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு இல்லாமல் அது போய்ச் சேராது, கணக்கு திறக்க உதவுவது உங்கள் வேலை.

நீங்கள் டாக்டரோ நர்ஸோ இல்லையென்றால் ஊசியைத் தொடாதீர்கள். "மிஷன் ஐயா ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று கெஞ்சுவார்கள், அப்போதும். மால்தோ மக்களுக்காகவே 1996இல் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் தொடங்கிய பிரேம் ஜோதி மருத்துவமனை மாதிரி இடங்களுக்கு வழி தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

ஜெபிக்கலாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் ஜெபியுங்கள், டோலியைத் தூக்கிக்கொண்டே ஜெபியுங்கள். ஆனால் "மாத்திரையை நிறுத்து, விசுவாசி" என்று சொல்கிற ஆளாக ஒரு நாளும் இருக்காதீர்கள், காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவரை நான் அடக்கம் செய்திருக்கிறேன்.

எதைக் கொடுப்பது

இரண்டாம் வருடக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர்ச் சபையிலிருந்து நாற்பது கம்பளி அனுப்பினார்கள். ஊரில் அறுபது சொச்சம் வீடு. ஆராதனைக்கு வந்தவர்களுக்கு முதலில் என்று நான் கொடுத்தேன், கெட்ட எண்ணத்தில் இல்லை, அவர்கள் கையருகே நின்றார்கள். அடுத்த வாரம் ஆராதனைக்கு இரண்டு மடங்கு கூட்டம். எனக்கு ஒரே சந்தோஷம், ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன். அதற்கும் அடுத்த வாரம் பாதிப் பேர் இல்லை. ஒரு பெரியவர், அதுவரை எங்களோடு நன்றாகப் பழகியவர், "உங்கள் சாமி கம்பளிக்காரர்களுக்கு மட்டுமா" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் மறுபடி எங்கள் வாசலில் உட்கார ஒன்றரை வருடம் ஆனது. சட்டம் ஆசை காட்டுவது என்று எதைச் சொல்கிறதோ, நான் செய்தது வெளியிலிருந்து பார்த்தால் அதுதான்.

அதன் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட முறை: கொடுத்தால் ஊருக்கே, ஊர்த் தலைவர் கையால், கும்பிடும் சாமியைக் கேட்காமல். பண்டிகை நாளில், ஆராதனை முடிந்த கையோடு, எதுவும் கொடுப்பதில்லை. முடிந்தவரை பொருளே கொடுப்பதில்லை, அவர்களுக்கு வர வேண்டியதை வாங்கித் தர உதவுவது. பஹாடியா போன்ற மிகவும் நலிந்த பழங்குடிக் குடும்பங்களுக்கு மாதம் 35 கிலோ அரிசி வீட்டு வாசலுக்கே வர வேண்டும், ஜார்கண்டில் டாகியா திட்டம் என்று பெயர். எங்கள் ஊரில் பல வீடுகளுக்குப் பெயர் பட்டியலிலேயே இல்லை. எட்டு மாதம் அலைந்து பெயர்களைச் சேர்த்தோம், அது ஆயிரம் கம்பளிக்குச் சமம். அதுபோல வட்டிக்காரரிடம் முன்பணம் வாங்கி, தட்டைப்பயற்றை அறுப்பதற்கு முன்பே அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுக்கிற பழக்கம் உண்டு, நாலைந்து வீடு சேர்ந்து விதையைச் சேமித்து வைத்தால் அதில் கொஞ்சம் தலை நிமிரலாம். இதெல்லாம் மெதுவாக நடக்கும், அவர்களே நடத்தினால்தான் நடக்கும்.

எப்போது பேசுவது

கேட்கும்போது. இரவில் அடுப்பைச் சுற்றி உட்காரும்போது கேட்பார்கள், ஏன் இவ்வளவு தூரம் வந்தாய், உன் சாமி யார் என்று. அப்போது சொல்லுங்கள், தயங்காமல், உங்களுக்கு நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள். கைப்பிரதிக் கட்டை எடுத்து நீட்டாதீர்கள், அநேகருக்கு வாசிக்கத் தெரியாது. அதற்கு முன் அவர்கள் கும்பிடும் தர்மேர் கோசாயினைப் பற்றி நீங்கள் கேட்டிருக்க வேண்டும், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டிருக்க வேண்டும். பிசாசு என்ற சொல்லை அடுத்தவர் சாமிக்குப் பயன்படுத்தாதீர்கள். யாராவது விசுவாசித்தால் அவசரப்படாமல், குடும்பத்தோடு பேசி, ஒரு வருடமாவது பொறுத்திருந்து பாருங்கள்.

கடிதமும் போட்டோவும்

மாதக் கடிதத்தில் "இருளில் வாழும் ஜனங்கள்", "நாகரிகம் அறியாதவர்கள்" என்று எழுதாதீர்கள். 1849இல் கால்டுவெல் ஐயர் நம் திருநெல்வேலி நாடார் மக்களைப் பற்றி எழுதியதைப் படித்து நம் பாட்டன்மார் எவ்வளவு கொதித்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். அவ்வளவு உழைத்த மனிதர், இடையன்குடியில் ஆயுளைக் கொட்டியவர், எழுத்தில் சறுக்கினார், அந்தக் காயம் பல பத்தாண்டுகள் ஆறவில்லை. உங்கள் கடிதத்தையும் ஒரு நாள் ஒரு பஹாடியா பட்டதாரி வாசிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். மூக்கு ஒழுகும் குழந்தை போட்டோ வேண்டவே வேண்டாம்.

குழந்தைகளை ரயில் ஏற்றாதீர்கள்

படிக்க வைக்கிறோம் என்று மலைக் குழந்தைகளைக் கூட்டமாகத் தமிழ்நாட்டு விடுதிக்கு அழைத்து வருவது நல்ல மனதில் செய்வதாகவே இருக்கட்டும், செய்யாதீர்கள். 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவில்லாத இல்லம் நடத்துவது குற்றம், ரயில் நிலையத்தில் பிடித்தால் ஆள் கடத்தல் வழக்கு. அதைவிட, மால்தோ மறந்து, மலை மறந்து திரும்பும் பிள்ளை வீட்டுக்கும் இல்லை, வெளிக்கும் இல்லை. ஊர்ப் பள்ளிக்கு வாத்தியார் தினமும் வருகிறாரா என்று பார்ப்பதும், சாயங்காலம் திண்ணையில் விளக்கு வைத்துச் சொல்லிக் கொடுப்பதும் போதும்.

ஒப்படைப்பது

வந்த மூன்றாம் வருடத்திலிருந்தே இதைத் தொடங்குங்கள். ஆராதனையில் ஜெபம் அவர்கள், பாட்டு அவர்கள் மெட்டில், காணிக்கைக் கணக்கு அவர்கள் கையில். தமிழ்க் கீர்த்தனையை மால்தோவில் மொழிபெயர்த்துப் பாடவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது, அவர்களுடைய மத்தளத்துக்கு அது ஒத்து வரவில்லை. அசரியா தோர்ணக்கலில் தெலுங்குக் கிராமத்து ஆட்களையே உபதேசிமாராகப் பழக்கினார், அதனால்தான் அவர் 1945இல் இறந்த பிறகும் அந்த வேலை நிற்கவில்லை.

தப்பு செய்வார்கள். கணக்கில் இருபது ரூபாய் உதைக்கும், இரண்டு மூப்பர்களுக்குச் சண்டை வரும். நடுவில் புகுந்து தீர்த்து வைக்காதீர்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள். சாவியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு முதலில் ஒரு மாதம் வெளியே இருந்து பாருங்கள், பிறகு மூன்று மாதம். நாங்கள் மூன்று மாதம் கழித்துப் போனபோது ஆலயக் கூரையை எங்களைக் கேட்காமலே மாற்றியிருந்தார்கள், பழைய கூரையைவிட நன்றாக இருந்தது. அந்த வாரமே என் மனைவி பாத்திரங்களைப் பக்கத்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.